நட்டு கழண்ட சித்தி

"வர வேண்டிய சீட்டு வர்றதுக்கு முன்னாடியே, அது வராதுன்னு உன் சித்திக்கு எப்படித் தெரியும்?"

பஸ் டிப்போ மெக்கானிக் என்னிடம் இப்படிக் கேட்டபோது என் கையில் சீட்டுக்கட்டு இருந்தது. "தெரியல அண்ணா" என்றேன். "உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அவளுக்கு நட்டு கழண்டுடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கிரீஸ் படிந்த விரலால் தன் நெற்றியைத் திருகிக் காட்டினார்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத பதிலை இப்போது எழுதுகிறேன். அதற்கு முதலில் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பஸ் ஓட்டுகிறார். ஒன்பது வருடமாக 'ஸ்பேர்' டிரைவர். அப்படியென்றால் அவருக்கென்று தடமும் கிடையாது, வண்டியும் கிடையாது. யாருக்குக் காய்ச்சலோ, யார் வீட்டில் கல்யாணமோ, அன்றைக்கு அவர்களுடைய வண்டி சித்திக்கு. காலையில் டிப்போவுக்குப் போய், பலகையில் தன் பெயருக்கு எதிரே என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் எங்கே போகப் போகிறோம் என்பதே தெரியும்.

இதில் அவருக்குப் பெரிய துன்பம் தடம் அல்ல, இருக்கை. சித்தி குட்டை. ஆறடி ஆள் ஓட்டிய வண்டியில் ஏறினால் கால் பிரேக்கை எட்டாது, கண்ணாடியில் வானம்தான் தெரியும். அதனால் பழைய மழைக்கோட்டைத் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து ஒரு மெத்தை செய்து வைத்திருந்தார். தினமும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். இருக்கையை முன்னே இழுத்து, மெத்தையைப் போட்டு, மூன்று கண்ணாடிகளையும் திருப்பி, ஒரு முறை பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மறுநாள் அந்த வண்டிக்காரர் வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, "யாருய்யா என் வண்டியைக் குழந்தை வண்டி ஆக்குனது?" என்று கத்துவார். டிப்போவில் சித்திக்குப் பெயரே 'குஷன்' ஆகிவிட்டது.

இருக்கையை உயர்த்தி, அடியில் தகடு கொடுத்து, நான்கு நட்டுப் போட்டு இறுக்கிவிடலாம். மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. ஆனால் அதற்குச் சொந்தத் தடம் வேண்டும். தடம் கிடைத்தால் அதோடு ஒரு வண்டியும் கிடைக்கும். அந்த வண்டியின் இருக்கையை வேறு யாரும் தொட மாட்டார்கள். சித்தி வேண்டியது அது ஒன்றுதான். ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சித்தப்பாவிடம் சொன்னார்: "கண்ணாடியைத் திருப்பாம ஒரு நாள் வண்டி எடுக்கணுங்க." சித்தப்பா சிரிக்கவில்லை. சித்தியின் தட்டில் குழம்பை ஊற்றினார்.

இந்த வருடம் ஒன்பதாம் எண் தடம் காலியானது. அதை ஓட்டியவர் ஓய்வு பெற்றார். பணியில் மூத்தவருக்குத்தான் தடம் போகும் என்பது விதி. ஆனால் ஸ்பேர் பட்டியலில் முதலில் இருந்த, சித்தி உட்பட எட்டுப் பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். யார் மூத்தவர்? மேலாளர் கையை விரித்துவிட்டார். "நீங்களே பேசி ஒரு பேர் கொடுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். எட்டுப் பேர் பேசினால் என்ன ஆகும்? இரண்டு நாள் கத்தினார்கள். பிறகு, டிப்போவில் எல்லாச் சண்டையும் கடைசியில் எங்கே முடியுமோ அங்கேயே முடிந்தது, ஓய்வறைச் சீட்டு மேசையில். குலுக்கல் வேண்டாம், அது கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி; ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்று எட்டுப் பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு மதியம், ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை. நான்கு மணி அடிக்கும்போது யாரிடம் அதிகமோ அவருக்குத் தடம்.

அவர்கள் ஆடுவது ஓமஹா என்ற போக்கர் ஆட்டம். முன்பு கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு கண்டக்டர் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆளுக்கு நான்கு சீட்டு, மற்றவர் பார்க்காமல். அதைப் பார்த்துப் பந்தயத்தில் இருப்பதா, கவிழ்த்துவிட்டு விலகுவதா என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு மேசை நடுவே மூன்று சீட்டு திறக்கும், அது எல்லோருக்கும் பொது. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒவ்வொரு முறையும் பந்தயம். கடைசியில் உங்கள் கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று, இப்படி ஐந்து சீட்டு சேர்த்துக் காட்ட வேண்டும். கையிலிருந்து சரியாக இரண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஐந்தும் ஒரே ஜாதி என்றால் பெரிய கை; இரண்டு பேருக்கு அப்படி அமைந்தால் பெரிய சீட்டு வைத்திருப்பவருக்கு வெற்றி, ஏஸ்தான் எல்லாவற்றிலும் பெரிது.

பணம் வைத்து ஆட டிப்போவில் தடை. அதனால் மெக்கானிக்கின் தகர டப்பாவிலிருந்து நட்டுகளை எடுத்துப் பந்தயம் வைப்பார்கள். கப்பல்காரர் சொல்லிக்கொடுத்தபோது இன்னொன்றும் சொல்லியிருந்தார்: யாராலும் வெல்ல முடியாத கைக்கு அந்த ஆட்டத்தில் பெயரே 'நட்டு'தானாம். அதிலிருந்து டிப்போவில் ஒரே சிரிப்பு. "என்கிட்ட நட்டு இருக்கு" என்றால் ஒரு அர்த்தம். "உனக்கு நட்டு கழண்டிருக்கு" என்றால் வேறு அர்த்தம்.

இவர்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து ரம்மி ஆடியவர்கள். ரம்மியில் விலகுவதற்கு ஸ்கூட் என்பார்கள், இங்கேயும் அதே சொல்தான். ரம்மிக் கண்ணும் கூடவே வந்துவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாக ஒரே ஜாதியில் சீட்டு வந்தால் ரம்மிக்காரனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும். சித்திக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் மாதத்தில் அழகான சீட்டாகப் பார்த்துப் பார்த்து ஆடி, ஓய்வறையில் தினமும் தோற்றார்.

தேதி குறித்ததும், ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். நான் பள்ளி முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். ஒரே வாரத்தில் நான்கு படிப்புக்கு விண்ணப்பம் போட்டு, நான்கையும் பாதியில் விட்டவள். என்னை உட்கார வைப்பதே பெரும்பாடு.

"சும்மாதானடி இருக்க. சீட்டைப் போடு."

"எத்தனை ஆட்டம் சித்தி?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேருக்குப் போடுவேன், எட்டுக் கையையும் அவரே பார்ப்பார். பழைய டிரிப் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார்: இந்தக் கை கடைசியில் என்ன ஆனது, யாரிடம் தோற்றது. மூன்று வாரத்தில் தாள் ஒரு கத்தை சேர்ந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குக்கூட நீ இவ்வளவு எழுதினது இல்லையே" என்றார். "உங்களுக்கு எழுதி என்னங்க பண்றது, எதிர்லயே இருக்கீங்க" என்றார் சித்தி, தலையை நிமிர்த்தாமல்.

ஒரு நாள் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, "இதெல்லாம் வளைவுச் சீட்டு" என்று ஒரு கையைத் தட்டினார். சின்னச் சின்ன எண்கள், நான்கும் ஸ்பேடு.

"ஏன் சித்தி? அழகா இருக்கே?"

"மேட்டு வளைவுல முன்னாடி லாரி போகுது. முந்திடலாம்னு தோணும். முந்தவும் முடியும். எதிர்ல என்ன வருதுன்னுதான் தெரியாது." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. புரிந்த அரையிலும் எனக்கு உடன்பாடு இல்லை. வந்தால் ஜெயிக்கலாமே, வருமா என்று பார்க்காமலே எதற்கு விலக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் போடவும் நான்தான் போனேன். டிப்போ ஆள் யார் போட்டாலும் சண்டை வரும் என்று, வெளியாள் ஒருவர் வேண்டும் என்றார்கள். "உன் அக்கா பொண்ணு வெளியாளா?" என்று ஒருவர் கேட்டார். "அது சீட்டைப் போடறதுக்கு முன்னாடி உன்கிட்டயே கொடுத்துக் கலைக்கச் சொல்றேன், வெட்டவும் சொல்றேன், போதுமா?" என்றார் டைம்கீப்பர் அக்கா. அவர்தான் நடுவர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, விசிலோடு மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

ஆளுக்கு அறுபது நட்டு. சித்தி அன்றைக்கும் மெத்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். முதல் ஒரு மணி நேரம் சித்தி ஆடியதை ஆட்டம் என்றே சொல்ல முடியாது. நான் நான்கு சீட்டுப் போடுவேன். ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். "ஸ்கூட்." மறுபடி போடுவேன். "ஸ்கூட்."

எதிரே ஒருவர் இருந்தார். அவருக்கு 'ஹார்ன்' என்று பெயர். வண்டி நின்றாலும் வாய் நிற்காது. "ஏ குஷன், ஆட வந்தியா, அடுக்க வந்தியா?" என்றார்.

"நீ ஆடு. நான் பார்க்கிறேன்."

"பார்க்கிறதுக்கு டிக்கெட் எடுக்கணும்."

"ஸ்பேர் டிரைவருக்கு பாஸ் உண்டு" என்றார் சித்தி. அறையே சிரித்தது.

சித்திக்குப் பின்னால் மெக்கானிக் நின்றிருந்தார். அவருக்குச் சித்தியின் சீட்டு தெரியும், வாயைத் திறக்கக் கூடாது என்பது நடுவர் உத்தரவு. ஒவ்வொரு ஸ்கூட்டுக்கும் அவர் பெருமூச்சு விடுவது என் காதில் விழுந்தது. இரண்டரை மணிக்குத் தேநீர் இடைவேளை. அப்போதுதான் அவர் என்னைச் சுவரோரம் கூப்பிட்டு, மேலே எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். சித்தியிடம் அப்போது நாற்பத்தொரு நட்டுதான் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு சித்தி மூன்று ஆட்டம்தான் ஆடினார். மூன்றிலும் முழுசாக இறங்கினார், மூன்றிலும் யாரும் தொட முடியாத கை. வரிசையாக ஆட்கள் எழுந்து போனார்கள். மூன்றரைக்கு மேசையில் மூன்று பேர்: ஹார்ன் நூற்றெண்பது, சித்தி நூற்றெழுபது, 'சில்லறை' என்று அழைக்கப்படும் ஒல்லி டிரைவர் நூற்று முப்பது.

அந்தக் கையைப் போட்டபோது எனக்கு என்ன சீட்டு போகிறது என்று தெரியாது. சித்தி ஓரத்தைத் தூக்கினார். பின்னால் மெக்கானிக் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விடவே இல்லை.

ஹார்ன் இருபது நட்டைத் தள்ளினார். சில்லறையும் இருபது வைத்தார். சித்தியின் முறை. முதல் தடவையாக அவர் உடனே சொல்லவில்லை. சீட்டை இரண்டாவது முறை தூக்கிப் பார்த்தார். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். வலது கால் மேசைக்கு அடியில் லேசாக அழுந்தியதைப் பார்த்தேன். பிரேக்.

"ஸ்கூட்."

நடுவே மூன்று சீட்டைத் திறந்தேன். ராஜா, ஒன்பது, இரண்டு. மூன்றும் ஆர்ட்டின்.

மெக்கானிக் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். டைம்கீப்பர் அக்கா விசிலை எடுத்தார், ஆனால் அதற்குள் ஹார்ன் பார்த்துவிட்டார். "ஐயோ பாவம்! குஷன் தூக்கிப் போட்டது ஆர்ட்டினா? அள்ள வேண்டியதைக் கழுவிக் கவுத்துட்டியே!" சிரித்துக்கொண்டே ஒரு கை நிறைய நட்டைத் தள்ளினார். சில்லறையும் விடவில்லை. நான்காவது சீட்டுக்கும் தள்ளினார்கள், ஐந்தாவதற்கும் தள்ளினார்கள். கடைசியில் சில்லறையிடம் ஒரு நட்டும் மிச்சமில்லை.

சில்லறை காட்டினார்: ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் பத்து. ஐந்தும் ஆர்ட்டின். நல்ல கை. ஹார்ன் காட்டினார்: ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் எட்டு. அதுவும் ஐந்து ஆர்ட்டின், ஏஸ் மேலே. சில்லறை எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, "ராணியை நம்பினேன்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது சித்தி தான் கவிழ்த்த நான்கையும் திருப்பி மெக்கானிக் பக்கம் காட்டினார். ஆர்ட்டினில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ரம்மியில் கடவுளே நேரில் வந்து கொடுக்கிற சீட்டு.

"வந்துச்சு பாத்தியா!" என்றார் மெக்கானிக், அழாத குறையாக. "வராதுன்னு நெனச்ச, வந்துச்சுல்ல!"

"வராதுன்னு நான் எப்போ அண்ணே சொன்னேன்? வந்துச்சு. வந்து, ஆறை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணியிருப்பேன்? அந்தப் பக்கம் ராணி, இந்தப் பக்கம் ஏஸ். நடுவுல மாட்டி வீட்டுக்குப் போயிருப்பேன்." சீட்டுகளை என் பக்கம் தள்ளினார். "வருமான்னு நான் பார்க்கிறதே இல்ல. வந்தா ஜெயிக்குமான்னு பார்க்கிறேன். ஜெயிக்காதது வராம இருந்தாத்தான் நல்லது. வந்துட்டா விட மனசு வராது."

எனக்கு அந்த நிமிடம் சுருக்கென்றது. ஒரே வாரத்தில் நான் போட்ட அந்த நான்கு விண்ணப்பங்கள் ஏனோ ஞாபகம் வந்தன. எல்லாவற்றிலும் இடம் கிடைக்குமா என்றுதான் கவலைப்பட்டிருக்கிறேன். கிடைத்தால் என்ன செய்வேன் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. ஆனால் யோசிக்க நேரமில்லை. மணி மூன்று ஐம்பது. ஹார்னிடம் முந்நூற்றுப் பத்து, சித்தியிடம் நூற்றெழுபது.

நான்கு கை போட்டேன். சின்னச் சின்னதாக அங்குமிங்கும் போயின. டைம்கீப்பர் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கடைசிக் கை" என்றார்.

ஹார்ன் சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மறைக்க முயன்றார், அவருடைய முகத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. முப்பதைத் தள்ளினார். சித்தி பார்த்தார். இந்தத் தடவை இரண்டாவது முறை பார்க்கவில்லை. "இருக்கேன்."

நடுவே மூன்று: கிளாவர் பத்து, கிளாவர் ஏழு, டைமண்ட் மூன்று. ஹார்ன் தள்ளினார், சித்தி இருந்தார். நான்காவது: கிளாவர் இரண்டு. ஹார்ன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மறுபடி தள்ளினார். சித்தி இருந்தார். ஐந்தாவது: ஸ்பேடு ராஜா.

"எல்லாம்" என்றார் சித்தி. தன் முன்னே இருந்த கடைசி நட்டு வரை முன்னால் நகர்த்தினார். மெத்தையையும் சேர்த்துத் தள்ளிவிடுவாரோ என்று இருந்தது.

"நீயாத்தான் கேட்ட, நான் கேக்கல!" ஹார்ன் எழுந்து நின்றார். ஈடாக நட்டுகளைத் தள்ளிவிட்டுச் சீட்டை மேசையில் ஓங்கி அடித்தார். கிளாவரில் ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. "பாரு! கீழ பத்து, ஏழு. என்கிட்ட ஆறு, எட்டு, ஒன்பது! ஆறு ஏழு எட்டு ஒன்பது பத்து, அத்தனையும் கிளாவர்! இதுக்கு மேல யார்கிட்ட என்னய்யா இருக்கு?"

அறை அதிர்ந்தது. யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். சில்லறைகூடக் கை தட்டினார். சித்தி தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். வரிசையாக ஐந்து சீட்டு ஒரே ஜாதியில் இருந்தால் அதை வெல்ல ஏஸாலும் முடியாது. மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி வலது கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினார்.

"என்னது, வெற்றியா?" என்றார் ஹார்ன்.

"ரெண்டு" என்றார் சித்தி.

டைம்கீப்பர் அக்கா கண்ணாடியை மேலே ஏற்றினார். பென்சிலால் ஹார்னின் சீட்டுகளைத் தொட்டார். "ஆறு, எட்டு, ஒன்பது. கையிலேர்ந்து மூணு எடுத்திருக்க. ரெண்டுதான்யா எடுக்கலாம். இது என்ன ரம்மியா?"

ஹார்ன் குனிந்து எண்ணினார். விரலை வைத்து மறுபடி எண்ணினார். இரண்டு எடுத்தால் வரிசை உடைந்தது. மிஞ்சியது ஐந்து கிளாவர் மட்டும், கையில் பெரியது ஒன்பது.

சித்தி தன்னுடையதைத் திருப்பினார். டைமண்ட் ராஜா, டைமண்ட் ஜாக். கிளாவர் ராணி. கடைசியாக, மெதுவாக, கிளாவர் ஏஸ்.

"இதுக்குப் பேருதான் நட்டு" என்றார்.

மணி அடித்தது. மெக்கானிக் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் எழுந்து விசில் ஊதியதாகப் பிறகு சொன்னார்கள். ஹார்ன் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். "கழண்டது எனக்குத்தான்மா. ஒன்பதாம் நம்பர்ல ஏறினா எனக்கு ஒரு சீட்டுப் போட்டு வை."

"போடுறேன். ஹார்ன் அடிக்காம வரணும்" என்றார் சித்தி. அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. மெத்தையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே மெக்கானிக் ஒன்பதாம் எண் வண்டியின் இருக்கையைக் கழற்றினார். அடியில் தகடு கொடுத்து உயர்த்தினார். இறுக்குவதற்கு அவர் தன் டப்பாவைத் தேடவில்லை. சித்தி ஜெயித்த குவியலிலிருந்து நான்கு நட்டைப் பொறுக்கி எடுத்துப் போட்டார். ஸ்பானரில் முழு உடம்பையும் தொங்கவிட்டு இறுக்கிவிட்டு, "இது கழலாது" என்றார்.

அதற்கடுத்த நாள் காலை நானும் போனேன். சித்தி ஏறி உட்கார்ந்தார். கை தானாகக் கண்ணாடியைத் திருப்பப் போனது. பாதியில் நின்றது. கண்ணாடியில் சாலை தெரிந்தது. சும்மா ஒரு முறை பிரேக்கை மிதித்துப் பார்த்தார், கால் முழுசாகப் பதிந்தது. மழைக்கோட்டு மெத்தையை ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தார். "வீட்டுல வை. உங்க சித்தப்பாவுக்கு முதுகு வலி." வண்டி புறப்பட்டது.

மெக்கானிக் அண்ணனிடம் பதில் சொல்லிவிட்டேன். இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அழகான நான்கு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருமா வருமா என்று காத்திருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒன்பதாம் எண் வண்டியில் ஏற நேர்ந்தால் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லுங்கள். சித்தியிடம் மட்டும் அங்கே பேச்சுக் கொடுக்காதீர்கள். வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது.